உள்ளங்கையில் ஒரு குளிர்ந்த கல்: ஸ்படிகத் தியானம் புதிதாகத் தொடங்குவோருக்கு

பக்கத்து வீட்டு மைனி ஒரு நாள் சாயங்காலம் முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு வந்தார். அவிழ்த்துக் காட்டினால், கத்தரிப்பூ நிறத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கல்.

"தம்பி, இதைக் கையில வச்சுக்கிட்டுத் தியானம் பண்ணா பிரஷர் குறையும்னு சொன்னாவ. பத்து நாளா வச்சுப் பாக்கேன். ஒண்ணுந் தெரியல. கல்லு பழுதா, நான் பழுதா?"

பேச்சு கொடுத்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பத்து நாளும் பிரஷர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். விற்றவர்கள் அப்படிச் சொல்லவில்லையாம். ஆனால் கல்லைப் பற்றி அவர்கள் சொன்ன மற்றதையெல்லாம் கேட்டால் யாருக்கும் மாத்திரை எதற்கு என்றுதான் தோன்றும்.

பாளையங்கோட்டையில் சில வருடங்களாகச் சாயங்கால நேரத்தில் நாலைந்து பேருக்குத் தியானம் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு கல்லோடு வருகிறார்கள். கல்லைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டதில் உண்மையும் இருக்கிறது, உண்மையைப் போல ஒலிக்கிற பிழையும் இருக்கிறது. இரண்டும் கலந்து கிடப்பதால்தான் மைனிக்கு நடந்தது நடக்கிறது. கல்லை வைத்துத் தியானம் செய்வது நல்ல பழக்கம் என்றே நான் நினைக்கிறேன், நானும் செய்கிறேன். ஆனால் அதில் கல் செய்கிற வேலை எது, நாம் செய்கிற வேலை எது என்று தெரிந்துகொண்டு உட்கார வேண்டும்.

படிகம் என்றால் என்ன

பனங்கற்கண்டிலிருந்து தொடங்கலாம். நம் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் இருக்கும். பதநீரைப் பாகாகக் காய்ச்சி, உள்ளே நூலைக் கட்டித் தொங்கவிட்டு, அசைக்காமல் வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள். நூலைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் வளரும். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். யாரும் செதுக்கவில்லை, ஆனாலும் பட்டை பட்டையாக முகங்கள் தெரியும்.

அந்த முகங்கள் எப்படி வந்தன? மார்கழி மாதம் வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் நாலு புள்ளியைச் சரியான இடைவெளியில் வைத்துவிட்டால் அடுத்த புள்ளி எங்கே விழ வேண்டும் என்பது தானாக முடிவாகிவிடுகிறது. அணுக்களும் அதேபோல ஒரே ஒழுங்கில், மேலும் கீழும் எல்லாத் திசையிலும் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருந்தால் அந்தப் பொருளுக்குப் படிகம் என்று பெயர். பனங்கற்கண்டு படிகம். தூத்துக்குடி உப்பளத்திலிருந்து வரும் கல்லுப்பும் படிகம்தான். உவரிக் கடற்கரையில் மண் சுமக்கும் நேர்ச்சை செலுத்துகிறவர்கள் ஓலைப்பெட்டியில் அள்ளும் மணலை உற்றுப் பார்த்தால் சிவப்புப் பொடி மின்னும். அது கார்னெட் என்கிற படிகம். நெல்லைக் கடற்கரை மணலுக்கு அந்தச் செந்நிறத்தைத் தருவது அதுதான்.

ஸ்படிகம் என்று நாம் மாலையாகப் போடுவதும் ராமேசுவரத்தில் அதிகாலையில் லிங்கமாகத் தரிசிப்பதும் இந்தக் கூட்டத்தில் ஒன்று. சிலிக்கான் ஒரு பங்கு, ஆக்சிஜன் இரண்டு பங்கு என்று சேர்ந்து உருவான கல். ஆங்கிலவழியில் படித்தவர்கள் குவார்ட்ஸ் என்பார்கள். ஊர்ப்புறத்தில் இதன் மங்கலான வெள்ளைத் துண்டுக்கு வெங்கச்சங்கல் என்று பெயர். சின்ன வயதில் இரண்டு வெங்கச்சங்கல்லைப் போர்வைக்குள் வைத்து உரசி, உள்ளே மின்மினி மாதிரி வெளிச்சம் வருவதைப் பார்த்திருக்கிறோம். கையை மோந்தால் லேசாகக் கருகல் வாடை அடிக்கும். தாமிரபரணி மணலிலும் பெரும்பகுதி இதே பொருள்தான். மைனி கொண்டுவந்த கல்லும் இதே ஸ்படிகம்தான், அதில் துளி இரும்பு கலந்திருக்கிறது. மண்ணுக்கடியில் பாறையின் இயற்கைக் கதிர்வீச்சு பல காலம் பட்டு அந்த இரும்பு கத்தரிப்பூ நிறத்தைக் கொடுத்திருக்கிறது. செவ்வந்திக்கல் என்பது அதன் பெயர்.

கண்ணாடியும் ஏறக்குறைய இதே சரக்கிலிருந்து வருவதுதான். ஆனால் உருக்கிச் சட்டென்று ஆறவிட்டதால் அதன் அணுக்களுக்கு வரிசையில் நிற்க நேரம் கிடைக்கவில்லை. கோலப்புள்ளி வைக்கிற மாவைக் கை தவறிக் கொட்டியது போலக் கிடக்கும்.

ஆக, படிகம் என்பது ஒழுங்காக அடுக்கப்பட்ட பொருள், ஸ்படிகம் அதில் ஒரு வகை. அபூர்வமான பொருளும் இல்லை, நம் ஆற்றங்கரையிலேயே கொட்டிக் கிடக்கிறது.

கல் அதிர்கிறதா

குழப்பம் அதிகம் இருக்கும் இடம் இது. "ஸ்படிகத்துக்கு ஓர் அதிர்வு இருக்கிறது, அது நம் உடம்பின் அதிர்வைச் சரிசெய்கிறது" என்று சொல்வார்கள். "வாட்ச்சில்கூட ஸ்படிகம்தானே வைக்கிறார்கள்" என்று ஆதாரமும் காட்டுவார்கள். வாட்ச்சில் இருப்பது உண்மை. அங்கே நடப்பது என்ன என்று தெரிந்தால் மீதி விளங்கிவிடும்.

1880இல் பிரான்சில் ழாக் கியூரி, பியேர் கியூரி என்ற அண்ணன் தம்பி இருவரும் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். ஸ்படிகம் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுகிறது. இதற்கு அழுத்தமின் விளைவு என்று பெயர். கேஸ் அடுப்பு லைட்டரை அமுக்கினால் டிக்கென்று பொறி வருகிறதே, அதே விளைவுதான் (லைட்டருக்குள் இருப்பது ஸ்படிகம் இல்லை, ஒரு தனி வகைப் பீங்கான்). இது திரும்பியும் நடக்கும், அதாவது மின்சாரம் கொடுத்தால் கல் நெளியும். வாட்ச்சில் சின்ன ஸ்படிகக் கவட்டைக்கு பாட்டரியிலிருந்து மின்சாரம் போகிறது. அது விநாடிக்கு 32,768 தடவை அதிரும்படி வெட்டியிருக்கிறார்கள். அந்த எண்ணைப் பதினைந்து தடவை பாதி பாதியாக்கினால் ஒன்று வரும். அதுதான் முள்ளை ஒரு விநாடி நகர்த்துகிறது. 1969 டிசம்பரில் இந்த முறையில் முதல் கைக்கடிகாரம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

இப்போது வாட்ச்சின் பாட்டரி தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல் உள்ளேயே இருக்கிறது, அதிர்வு நின்றுவிடுகிறது. ஸ்படிகம் தானாக எதையும் அனுப்புவதில்லை. கொடுத்த சக்தியைத் தன் ஒழுங்கினால் சீராகத் திருப்பித் தருகிறது, அவ்வளவே. உள்ளங்கையில் சும்மா கிடக்கும் கல்லுக்கு யாரும் எதையும் கொடுக்கவில்லை.

கல்லின் நிறத்துக்கும், முதுகுத்தண்டு நெடுக இருப்பதாக யோகத்தில் சொல்லும் சக்கரங்களுக்கும் போடுகிற கணக்கும் இப்படித்தான். அடியில் உள்ள மூலாதாரச் சக்கரத்துக்குச் சிவப்பு, மேலே போகப்போக வானவில் வரிசை என்று அட்டவணை விற்கிறது. அந்த வரிசை 20ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டில் உருவானது. பழைய தந்திர மரபில் மூலாதாரத்தின் நிலத் தத்துவத்துக்கு மஞ்சள் சதுரம் சொல்லப்படுகிறது. நம் முன்னோர் சொன்னது என்று நினைத்து வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அப்படியானால் நிம்மதி எங்கிருந்து வருகிறது

ஏனென்றால் நிம்மதி வரத்தான் செய்கிறது. கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தவர்களின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது, அது பொய்யும் இல்லை.

வயல் வரப்பில் பசுவை மேய விடும்போது முளைக்குச்சி அடித்துக் கட்டுவோம். பசு கயிறு எட்டுகிற வரைக்கும் போகும், இழுபடும், திரும்பும். முளைக்குச்சி பசுவுக்குப் புல் போடுவதில்லை, ஆனால் அது இல்லாவிட்டால் பசு அடுத்தவன் நெல்லில் நிற்கும். மனமும் இப்படித்தான் அலைகிறது. கண்ணை மூடிய மறு நிமிடம் கரண்ட் பில், மகளின் பரீட்சை, நேற்று யாரோ சொன்ன சுடுசொல் என்று போய்விடும். அதைக் கட்டி வைக்க ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, போகும்போதெல்லாம் மெதுவாகத் திருப்பிக் கொண்டுவருவதைத்தான் தியானம் என்று இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். மூச்சு முளைக்குச்சியாக இருக்கலாம், மந்திரம் இருக்கலாம், விளக்குச்சுடர் இருக்கலாம். ஹடயோகத்தில் ஆறு கிரியைகளில் ஒன்றாகச் சொல்லப்படும் திராடகம், ஒரு சிறு பொருளை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான். கல்லும் அப்படி ஒரு முளைக்குச்சி.

நல்ல முளைக்குச்சி என்றும் சொல்வேன். மூச்சு கண்ணுக்குத் தெரியாது, கைக்கு அகப்படாது. புதிதாக உட்காருகிறவருக்கு அது நழுவிக்கொண்டே இருக்கும். கல் கையில் கனமாக இருக்கிறது. அதற்கு விளிம்பு உண்டு, வழவழப்பு உண்டு, குளிர்ச்சி உண்டு.

இரண்டாவது காரணம் பழக்கம். நெல்லையப்பர் கோயிலுக்குள் நுழைந்து கற்பூர வாசனை பட்டதும் குரல் தானாகத் தணிகிறதல்லவா? யாரும் அதட்டவில்லை. அந்த வாசனையும் அந்த அமைதியும் வருடக்கணக்காகச் சேர்ந்தே வந்ததால் ஒன்று மற்றொன்றைக் கூப்பிடுகிறது. தினமும் ஒரே கல்லை எடுத்து உட்கார்ந்தால் சில வாரங்களில் அதைத் தொட்டதும் தோள் இறங்கும்.

மூன்றாவது, எதிர்பார்ப்பு. விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வரும் குழந்தைக்கு ஆச்சி ஊதிவிட்டால் வலி குறைகிறது. ஊதலில் மருந்து இல்லை, ஆனால் குழந்தைக்குக் குறைந்தது நிஜம். மருந்தே இல்லாததும், மருந்து என்ற நம்பிக்கையால் ஓரளவு வேலை செய்வதற்கு மருந்துப்போலி விளைவு என்று பெயர். 2001இல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்சும் அவர் குழுவினரும் இதைச் சோதித்துச் சொன்னார்கள். 80 பேரைக் கையில் கல்லோடு தியானத்தில் உட்காரவைத்தார்கள். சிலருக்கு உண்மையான ஸ்படிகம், சிலருக்குப் போலி. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. கூச்சம், வெதுவெதுப்பு, அமைதி என்று இரு தரப்பும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். என்னென்ன தோன்றும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் கூடுதலாக உணர்ந்தார்கள்.

இதைப் படித்ததும் சிலர் சோர்ந்துபோவார்கள். எனக்கு இது நிம்மதியாக இருந்தது. கல் உசத்தியா மட்டமா என்ற கவலை தேவையில்லை என்று இதற்கு அர்த்தம். மைனிக்கும் இதைத்தான் சொன்னேன்: கல்லும் பழுதில்லை, நீங்களும் பழுதில்லை, கல் செய்யாத வேலையைக் கல்லிடம் கேட்டிருக்கிறீர்கள்.

மூச்சின் பங்கு

மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சை இழுங்கள், அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகவும் விடும்போது சற்று நிதானமாகவும் வருவதைப் பலரால் உணர முடியும். மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் மாதிரி. மூச்சை விடும்போது அந்தப் பிடி இறுகுகிறது, இழுக்கும்போது தளர்கிறது. வெளிமூச்சு நீளமாகும்போது உடம்பு ஓய்வுப் பக்கம் சாய்கிறது. ஒரு பொருளில் கவனம் நின்றால் மூச்சு தானாகவே நீளும். கல்லைப் பிடித்தபடி உட்காரும்போது உடம்புக்குள் நடக்கும் வேலை பெரும்பாலும் இதுதான்.

சுருக்கமாகச் சொன்னால், கல் கவனத்தைக் கட்டுகிறது, கட்டுப்பட்ட கவனம் மூச்சை நிதானமாக்குகிறது, மூச்சு உடம்பைத் தணிக்கிறது.

உட்கார்ந்து பார்க்கலாம்

அதிகாலை நல்லது. புனிதமான நேரம் என்பதோடு, நம் ஊர் வெயிலும் ஒரு காரணம். தோலின் சூடு ஏறத்தாழ 32, 33 டிகிரி. சித்திரை மாதத்து மதியத்தில் அறையே அதைவிடச் சூடாக இருக்கும், அப்போது கல் குளிராது. விடியலில் குளிரும்.

பத்தமடைப் பாயோ சாதாரணக் கோரைப் பாயோ விரித்துக்கொள்ளுங்கள். சம்மணம் போட முடியாதவர்கள் நாற்காலியில் உட்காரலாம், ஒரு குறையும் இல்லை. கல்லை இடது உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையை மடியில் விடுங்கள். விரல்களால் இறுக்க வேண்டாம், கல் தன் கனத்தில் கிடக்கட்டும். கண்ணை மூடுங்கள்.

முதலில் தெரிவது குளிர்ச்சி. ஸ்படிகம் கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், அதனால்தான் தொட்டதும் சில்லென்கிறது. அந்தக் குளிர்ச்சி எங்கே அதிகம் என்று பாருங்கள். உள்ளங்கையின் நடுவிலா, கட்டைவிரல் மேட்டிலா? ஒவ்வொரு வெளிமூச்சிலும் அது கொஞ்சம் குறையும். விளிம்பிலிருந்து உள்நோக்கிக் குறையும், கடைசியில் நடுவில் ஒரு காசு அளவுக்கு மட்டும் குளிர் மிஞ்சியிருக்கும். அதுவும் போகும். கல் எது, கை எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு கணம் வரும். அந்தக் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், வந்தால் தெரியும். பெரும்பாலும் நாம் அதைத் தவறவிட்டிருப்போம், ஏனென்றால் நடுவில் மனம் மார்க்கெட்டுக்குப் போயிருக்கும்.

போனது தெரிந்ததும் திட்டிக்கொள்ளாமல் கையின் கனத்துக்குத் திரும்புங்கள். இருபது தடவை போனால் இருபது தடவை திரும்புங்கள். தியானம் வரவில்லை என்று என்னிடம் சொல்கிறவர்கள் எல்லாரும் இந்தத் திரும்புதலைத் தோல்வி என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பயிற்சியே அந்தத் திரும்புதல்தான். போனதைக் கண்டுபிடித்துத் திரும்பும் அந்த ஒரு நொடியில்தான் கவனம் பலப்படுகிறது.

குளிர் போன பிறகு கல்லின் மேடு பள்ளத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவலாம். மாலை வைத்திருப்பவர்கள் ஒரு மணிக்கு ஒரு மூச்சு என்று உருட்டலாம். 108 மணியையும் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல் இரண்டு வாரம் பத்து நிமிடம் போதும்.

ஸ்படிகம் உடம்புச் சூட்டைக் குறைக்கும் என்று ஊரில் சொல்வார்கள். தொட்ட இடத்தில் குளிர்வது உண்மை. ஆனால் 50 கிராம் கல் ஐந்து டிகிரி சூடேற எடுத்துக்கொள்ளும் வெப்பம், நம் உடம்பு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இரண்டு விநாடியில் உண்டாக்குகிற அளவுதான்.

எந்தக் கல்

உள்ளங்கையில் அடங்கி, கனம் தெரிகிற எந்தக் கல்லும் ஆகும். தாமிரபரணிப் படித்துறையில் கிடைக்கும் வழவழப்பான கூழாங்கல்லே போதும். ஸ்படிகம்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டால் வாங்குங்கள், ஆசைப்பட்ட பொருளோடு தினமும் உட்காரத் தோன்றும், அதுவும் ஒரு பலன்தான். சாரல் காலத்தில் குற்றாலக் கடைகளிலும் மாலைகள் தொங்கும். ஸ்படிகம் என்ற பெயரில் கண்ணாடியும் விற்பதால் பார்த்து வாங்குங்கள். உள்ளே உருண்டையான காற்றுக்குமிழி தெரிந்தால் கண்ணாடி. உருண்டைக் கல்லாக இருந்தால் ஒரு தலைமுடியின் மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், ஸ்படிகத்தில் சில கோணங்களில் முடி இரண்டாகத் தெரியும். கண்ணாடியில் எப்போதும் ஒன்றுதான். ஆனால் கண்ணாடி என்று தெரிந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். லண்டனில் போலிக் கல்லோடு உட்கார்ந்தவர்களுக்கும் தியானம் கூடியது.

இதைச் செய்யாதீர்கள்

உருண்டை ஸ்படிகத்தை ஜன்னலோரம் வெயிலில் வைக்காதீர்கள். பூதக்கண்ணாடி மாதிரி வெயிலை ஒரு புள்ளியில் குவித்துத் திரைச்சீலையில் நெருப்பு வைத்துவிடும். செவ்வந்திக்கல்லும் நாள்கணக்கில் வெயில் பட்டால் வெளுக்கும்.

கல் ஊறவைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்வதைக் கேட்காதீர்கள். மாலகைட் என்ற பச்சைக் கல்லில் செம்பு இருக்கிறது, சின்னபார் என்ற சிவப்புக் கல்லில் பாதரசம் இருக்கிறது. நிறத்தைப் பார்த்து எது பத்திரம் என்று நம்மால் சொல்ல முடியாது.

கண் அழுத்தம், வலிப்பு, ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் கல்லையோ சுடரையோ உற்றுப் பார்க்கும் பயிற்சியை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கையில் வைத்தே செய்யலாம்.

மாத்திரையைக் குறைக்காதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் போதவில்லை. நிதானமான மூச்சு இரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்க உதவலாம், ஆனால் அது மாத்திரையோடு சேர்ந்து வருகிற உதவி. அளவை மாற்றுவதானால் டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

மைனி மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய் உள்ளதைச் சொல்லி, பழைய அளவுக்கே திரும்பிவிட்டார். கல்லையும் விடவில்லை. மார்கழியில் ஒரு காலை, வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் மாவுக் கையோடு நிமிர்ந்தார்.

"தம்பி, இன்னைக்கு இருபத்தெட்டு மூச்சு வரைக்கும் குளுந்து கெடந்துச்சு. நேத்து இருபதுதான். நடுவுல ரெண்டு தடவை பால்காரர்ட்டப் போய்ட்டு வந்துட்டேன்."